மழையில் நிற்காத மை

நவம்பர் 3

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும் கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். மூட மனசு வராவிட்டால் படித்துக்கொள்ளுங்கள், ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். டீச்சரிடம் வேண்டாம். போலீஸிடம் வேண்டாம். என் அப்பா தீனதயாளனிடம் காட்டவே காட்டாதீர்கள். உங்கள் காலில் விழுகிறேன்.

கணக்கு நோட்டைப் பின்பக்கமாகத் திருப்பி எழுதுகிறேன். அப்பா என் பையைச் சோதிப்பார். ஆனால் நோட்டின் முன்பக்கங்களைத்தான் புரட்டுவார்.

அம்மா போய் இன்றோடு பன்னிரண்டு நாள். பிரபாவைக் காணோம், பிரபாவைக் காணோம் என்று தெருவே பேசுகிறது. அம்மா காணாமல் போகவில்லை. அம்மா போய்விட்டாள். இரண்டும் ஒன்றா?

தீபாவளி முடிந்து மூன்றாம் நாள் விடியற்காலை என்னை எழுப்பினாள். கையில் ஒரே ஒரு பை. "பத்தாவது பரிட்ச முடிஞ்சதும் வந்து கூட்டினு போறேன். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. தூங்கினு இருந்தேன்னு சொல்லு." எந்த ஊருக்குப் போகிறாள் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். அந்தப் பெயரை இங்கேகூட எழுத மாட்டேன்.

தூங்கிக்கொண்டிருந்தேன் என்றுதான் அப்பாவிடம் சொன்னேன். போலீஸ் அக்காவிடமும் அதையேதான் சொன்னேன்.

இன்று அப்பா பிரிண்டர் வாங்கப்போவதாகச் சொன்னார். அதுதான் பயம்.

நவம்பர் 4

எதற்குப் பிரிண்டர் என்று எழுத நேற்று தைரியம் வரவில்லை.

'காணவில்லை' நோட்டீஸ் அடிக்க. இதுவரை பஸ் ஸ்டாண்டு பக்கம் சம்பத் அண்ணன் ஜெராக்ஸ் கடையில்தான் கலர் காப்பி எடுத்தார், பக்கம் பத்து ரூபாய். நேற்று நானும் கூடப் போயிருந்தேன். கடையில் காலேஜ் பசங்கள் நாலைந்து பேர்.

"இன்னா அண்ணாத்த, அண்ணி இன்னும் ஆப்டலயா?" என்று சம்பத் அண்ணன் அவ்வளவு பேர் நடுவில் சத்தமாகக் கேட்டார். "வாரா வாரம் வர்றதுக்கு வூட்லயே ஒரு மிசினு வாங்கிப் போட்டுடேன். உனக்கும் சீப்பு, எனக்கும் பேஜாரு இல்ல."

பசங்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் சொன்னார்: "கீர்த்தி, நீதான் படிக்கிற புள்ள. வூட்டுக்கு எந்தப் பிரிண்டர் நல்லதுன்னு பாத்து சொல்லு. அடிக்கடி ரிப்பேர் ஆவக்கூடாது. செலவும் இயுக்கக்கூடாது."

அம்மாவைக் கண்டுபிடிப்பதற்கு எது நல்லது, எது சிக்கனம் என்று என்னையே பார்த்துச் சொல்லச் சொல்கிறார்.

நவம்பர் 5

சிம் இல்லாத பழைய போனில் பக்கத்து வீட்டு வைஃபை பிடித்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் ஒரே கேள்வியில்தான் ஆரம்பிக்கிறது: மாதம் எத்தனை தாள் அச்சடிப்பீர்கள்? குறைவு என்றால் ஒன்று, அதிகம் என்றால் வேறொன்று.

மிஷின் விலை குறைவாக இருந்தால் மை விலை அதிகம். அதை வாரம் ஒரு தடவையாவது ஓட்டவில்லை என்றால் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். பாட்டிலில் மை வாங்கி ஊற்றுகிற டேங்க் வகை, மிஷின் விலை கூட, ஆனால் ஒரு தடவை ஊற்றினால் ஆயிரக்கணக்கில் தாள் வரும்.

அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"ஆயிரக்கணக்குன்னா?"

"ஆறாயிரம் வரைக்கும் போட்டிருக்குப்பா."

விரலை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு மெதுவாக, "அத்தினி போதுமா?" என்றார்.

நான் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நவம்பர் 8, சனி

கடைக்குப் போனோம். ஜான்சன் என்பவர் கடை. கழுத்தில் டெய்லர் டேப் மாதிரி ஒரு கேபிளை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வீட்டுக்கா, ஆபீசுக்கா சார்? என்ன யூஸு?"

அப்பா என்னைப் பார்த்தார். "பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு" என்றார். அப்பா பொய் சொல்லும்போது காதை இழுத்துவிட்டுக்கொள்வார். நான் பொய் சொல்லும்போது என்ன செய்கிறேனோ தெரியவில்லை. யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை.

ஜான்சன் இரண்டைக் காட்டினார். ஒன்று கலர் டேங்க். இன்னொன்று லேசர், கறுப்பு வெள்ளை மட்டும். அது மை இல்லை, தூளாம். சூடு வைத்துத் தாளில் ஒட்டுமாம். ஆறு மாதம் சும்மா கிடந்தாலும் காயாதாம்.

அப்போது அப்பாவுக்கு ஃபேக்டரி சூப்பர்வைசரிடமிருந்து போன் வந்தது. வெளியே போனார். ஜான்சன் என்னிடம் சொன்னார்: "ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோம்மா. இந்த டேங்க் இங்க்குல தண்ணி பட்டா கலையும். லேசர்னா ஒண்ணும் ஆவாது. நனைஞ்சாலும் நிக்கும்."

அப்பா திரும்பி வந்தார். "இன்னாமா, எது?"

வெளியே வானம் கறுத்துக் கிடந்தது. இந்த மாதம் முழுக்க மழைதான்.

"டேங்க்தான்ப்பா. கலர் வரும்ல. அம்மா புடவை கலர் தெரியும்ல."

அப்பா என் தலையில் கை வைத்தார். "பாத்தியா, எனக்கு இது தோணல" என்று ஜான்சனிடம் பெருமையாகச் சொன்னார்.

நவம்பர் 9

முதல் தாள் வந்தது.

படம் மே மாதம் மாமல்லபுரம் கடற்கரையில் எடுத்தது. என்னை வெட்டிவிட்டு அம்மாவை மட்டும் வைத்திருக்கிறார் அப்பா. பிரிண்டர் கோடு கோடாக அடிக்கிறது. முதலில் காற்றில் பறக்கிற முடி. பிறகு நெற்றி. பிறகு கண். கண் வந்ததும் மிஷின் ஒரு நிமிஷம் நின்றது. நாங்கள் இருவரும் மூச்சு விடவில்லை. பிறகு மூக்கு, வாய், கழுத்து, தோள்.

தோளில் நான்கு விரல். என்னுடையவை. அவற்றை வெட்ட முடியவில்லை போல.

நவம்பர் 11

இன்று நாற்பது. எல்லாவற்றிலும் என் விரல்.

நவம்பர் 16, ஞாயிறு

மைதாப் பசை காய்ச்சி, பக்கெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் வரை. அப்பா பசை தடவுவார். நான் தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவிவிட வேண்டும். அம்மா கன்னத்தை எத்தனை தடவை நீவினேன்.

அம்மா ரூம் சுத்தம் செய்த ஹோட்டலின் பின் கேட்டிலும் ஒட்டினார். அங்கே அம்மாவோடு வேலை பார்த்த ஜாக்குலின் ஆன்ட்டி துணி மூட்டையோடு வெளியே வந்தார்.

"இன்னாயா, இங்கயும் வந்துட்டியா? தீபாவளி அன்னைக்கு ரிசப்சன்ல நின்னு கத்துனியே, பத்தலையா? அன்னையோட மேனேஜர் அவள நிப்பாட்டிட்டாரு, தெரிமா?"

"ஒயுங்கா பேசு. நான் என் பொண்டாட்டியத் தேடிகினு கீறேன்."

"தேடு, தேடு. யாரப் பாத்து சிரிச்ச, எந்த பஸ்ல வந்த, அஞ்சு நிமிசம் ஏன் லேட்டுன்னு அவ உசுர எடுத்த. ஜன்னலாண்ட நிக்க வுட்டதில்ல. இப்ப நீயே ஊர் பூரா செவுத்துல ஒட்டி எல்லாரையும் பாருங்கடான்ற. நல்லா கீதுயா நியாயம்."

அப்பா கையிலிருந்த பிரஷ்ஷிலிருந்து பசை சொட்டிக்கொண்டே இருந்தது.

ஆன்ட்டி என்னிடம் வந்தார். குரல் மாறிவிட்டது. "துன்னியா கண்ணு?" டிஷ்யூவில் சுற்றிய ஒரு துண்டு கேக்கை என் கையில் திணித்தார். வண்டியில் திரும்பும்போது அப்பாவுக்குப் பாதி கொடுத்தேன். வாங்கவில்லை.

நவம்பர் 18

ராத்திரி பிடித்த மழை விடவில்லை. ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் சுவரைப் பார்த்தேன்.

நான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று. மொத்தமும் அழிந்துவிடும் என்றுதான் நினைத்தேன். அழியவில்லை. கலர் மைதான் கரையும் போலிருக்கிறது, கறுப்பு மை வேறு மாதிரி. 'காணவில்லை' அப்படியே இருக்கிறது. அப்பாவின் போன் நம்பர் அப்படியே இருக்கிறது. அம்மாவின் முகம் மட்டும் இல்லை. கன்னம் ரோஸ் நிறமாகக் கீழே வழிந்து நம்பர் மேல் இறங்கியிருந்தது. கண் இருந்த இடத்தில் நீலமாக ஏதோ.

பக்கத்தில் நின்ற பொண்ணு, "ஐயோ பேய் மாதிரி இருக்குடி" என்றாள்.

நான்தான் செய்தேன். அம்மா முகத்தை நானே தண்ணீரில் கரைத்தேன். நல்லதுக்குத்தானே செஞ்சேன்? அம்மாவுக்காகத்தானே? அப்புறம் ஏன் இப்படி வலிக்குது.

நவம்பர் 20

அப்பா போனுக்கு யார் யாரோ கூப்பிடுகிறார்கள். முகம் இல்லாத நோட்டீஸில் நம்பர் மட்டும் பெரிதாக இருக்கிறது அல்லவா. ஒருவன், "மூஞ்சே இல்லியே, வேற போட்டோ அனுப்பு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிச் சிரித்தான். போன் ஸ்பீக்கரில் இருந்தது. நான் இருப்பதை அப்பா மறந்துவிட்டார்.

அப்பா திட்டவில்லை. போனை வைத்துவிட்டுக் கேட்டார்: "நாளைக்கு டப்பாக்கு இன்னா வோணும்? எலுமிச்ச சாதம் கட்டட்டா?"

அவர் செய்கிற எலுமிச்சை சாதம் கசக்கிறது. கொட்டையோடு பிழிந்துவிடுகிறார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிடுகிறேன்.

அம்மாவை நினைத்தால் அப்பா மேல் வெறுப்பாக வருகிறது. அப்பாவைப் பார்த்தால் அம்மா மேல் கோபம் வருகிறது. ஏன் என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்? சொல்லாமல் போயிருக்கலாமே.

நவம்பர் 22, சனி

அப்பா நனைந்த நோட்டீஸ் ஒன்றை உரித்து எடுத்துக்கொண்டு ஜான்சன் கடைக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு.

"இன்னாயா மிசினு குட்த்த? மூஞ்சே கரைஞ்சி போச்சி!"

ஜான்சன் தாளை வாங்கிப் பார்த்தார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "சார், ப்ராஜெக்ட்டுன்னுதானே சொன்னீங்க. செவுத்துல ஒட்டறதுன்னு சொல்லியிருந்தா நானே லேசர்தான் குடுத்திருப்பேன். தண்ணி பட்டா கலையும்னு பாப்பா கிட்டகூட சொன்னேனே?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.



"சொன்னாரா?"

"மறந்துட்டேன்ப்பா."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "வுடு. சின்னப் புள்ள. எத்தினிதான் ஞாபகம் வெச்சிக்கும்" என்றார்.

அடித்திருக்கலாம்.

ஜான்சன் டேங்க் மிஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு லேசரைக் கொடுத்தார். "கலர் இருக்காது சார்" என்றார். "கலரு போனா போவட்டும்" என்றார் அப்பா. "நிக்கணும்."

நவம்பர் 23

இன்று நடந்ததைச் சரியாக எழுத வேண்டும்.

லேசர் கோடு கோடாக அடிக்கவில்லை. ஒரே மூச்சில் தாளைத் தள்ளிவிட்டது. தாள் சூடாக இருந்தது. கறுப்பு வெள்ளையில் அம்மா.

அப்பா எடுத்துப் பார்த்தார். டியூப்லைட் அடியில் போய்ப் பார்த்தார். "கோடு வியுது" என்றார்.

அம்மாவின் மேல் உதட்டில், வலது ஓரத்தில், கறுப்பாக ஒரு சின்னக் கோடு.

கட்டைவிரலால் தேய்த்தார். போகவில்லை. "இன்னொன்னு போடு." போட்டேன். அதே இடத்தில் கோடு. "இன்னொன்னு." அதே இடம். மூடியைத் திறந்து துணியால் துடைத்தார். மறுபடி. அதே இடம்.

ஜான்சனுக்குப் போன் போட்டார். "புது மிசினுப்பா, கோடு வியுதே!" ஸ்பீக்கரில் ஜான்சன் குரல்: "உள்ள டிரம்முல அழுக்கு இருந்தா அப்டி வரும் சார். வேற எதுனா அடிச்சிப் பாருங்க. அதுலயும் கோடு வந்தா மிசின் தப்பு. வரலேன்னா ஃபோட்டோலயே இருக்குதுன்னு அர்த்தம்."

என் அறிவியல் பாடம் ஒரு பக்கம் அடித்தேன். சுத்தமாக வந்தது. இன்னொரு பக்கம். சுத்தம்.

அப்பா இரண்டு தாளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு நின்றார். அது என்ன என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. போன பொங்கலுக்கு அம்மா யாரிடமோ பேசிச் சிரித்தாள் என்று அவள் போனைப் பிடுங்கி அவள் மேலேயே வீசினாரே, அந்தத் தழும்புதான் இது. போனும் உடைந்தது, உதடும் கிழிந்தது. ஜி.எச்சில் மூன்று தையல். 'படியில் விழுந்தேன்' என்று அம்மா நர்ஸிடம் சொன்னாள்.

கலரில் அது தெரியவே இல்லை. உதட்டு நிறத்தோடு போய்விட்டது.

அப்பா சுவிட்சை அணைத்தார். விளக்கையும் அணைத்தார். சாப்பிடவில்லை.

நவம்பர் 24

திருந்திவிட்டார் என்று நினைத்தேன். சாயங்காலம் வந்து நூறு தாள் அடிக்கச் சொன்னார். கோடு இருக்கட்டும் என்றார். "அடையாளம்" என்று கீழே ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: மேல் உதட்டில் தழும்பு.

நான்தான் டைப் செய்தேன்.

நவம்பர் 29

மழை. ஒட்டிய புது நோட்டீஸ் எல்லாச் சுவரிலும் நிற்கிறது.

டிசம்பர் 4

வந்துவிட்டது.

காலையில் நான் ஸ்கூலுக்குக் கிளம்பும்போது ஒரு போன். லாரி ஓட்டுபவராம். சிரிக்கவில்லை, மரியாதையாகப் பேசினார். இந்த அம்மாவை ஒரு டிபன் கடையில் இட்லி ஊற்றுமிடத்தில் பார்த்தேன், உதட்டுத் தழும்பை வைத்துத்தான் சொல்கிறேன் என்றார். ஊர் பெயரைச் சொன்னார்.

அம்மா சொன்ன அதே ஊர்.

அப்பா காலண்டரில் ஞாயிற்றுக்கிழமையை வட்டம் போட்டார். கம்பெனி நண்பர் ஒருவரின் காரைக் கேட்டிருக்கிறார். "கூட்டினு வந்துட்டா எல்லாம் சரியாப் பூடும்" என்றார். "இனிமே வேலைக்கே அனுப்ப மாட்டேன். வூட்லயே வெச்சி ராணி மாதிரி பாத்துக்கறேன். போன்கூட வாங்கித் தர்றேன். என் எதிர்ல பேசட்டும்."

என் எதிர்ல பேசட்டும்.

எப்படிச் சொல்வேன் அம்மாவுக்கு? அவளிடம் போன் இல்லை. எனக்கும் இல்லை. பஸ் ஏறிப் போகவும் தெரியாது.

டிசம்பர் 5

தூக்கம் இல்லை. அரையாண்டுப் பரீட்சை வருகிறது. ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

டிசம்பர் 6, சனி

நாளைக் காலை ஐந்து மணிக்குக் கார்.

அப்பா இரண்டாம் ஷிப்ட் போயிருக்கிறார். மறைமலைநகரிலிருந்து கம்பெனி பஸ் இங்கே வர பன்னிரண்டு ஆகும். சாயங்காலம் ஆறு மணிக்கு உட்கார்ந்தேன். ஒன்பதுக்குத்தான் முடித்தேன். ஒரே ஒரு தாள், பிரிண்டரில் அடித்தேன். கையால் எழுதினால் பாதியில் கிழித்துவிடுவேன் என்று பயம்.

'அப்பா, அம்மா காணாமல் போகவில்லை. உங்களுக்குப் பயந்து போனாள். என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் தூங்கவில்லை. மழையில் கரையும் என்று தெரிந்துதான் அந்தப் பிரிண்டரைச் சொன்னேன். மறக்கவில்லை. மிஷினில் தப்பு இல்லை என்று உங்களுக்கும் தெரியும். நாளைக்குப் போகாதீர்கள். அம்மா உங்களைப் பார்த்தால் அங்கிருந்தும் ஓடுவாள். அப்புறம் எனக்குக்கூட எங்கே என்று தெரியாது. நீங்கள் என்னை அடித்தால் வாங்கிக்கொள்கிறேன். எனக்கு நீங்களும் வேண்டும். கீர்த்தனா.'

அதை மிஷினின் தட்டிலேயே வைத்துவிட்டேன். நாளைக்கு எடுத்துப் போக வைத்திருக்கும் நோட்டீஸ் கட்டு பக்கத்தில்தான் இருக்கிறது. வந்ததும் அதைத்தான் எடுப்பார்.

என் அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். நாற்காலியையும் வைத்திருக்கிறேன்.

கேட் சத்தம். வந்துவிட்டார்.

ஷூவைக் கழற்றுகிறார். சொம்பு. தண்ணீர் குடிக்கிறார். அந்த அறைக்குப் போகிறார். விளக்குப் போட்டார். என் கதவின் அடியில் வெளிச்சம் வருகிறது.

சத்தமே இல்லை.

இன்னும் இல்லை. எவ்வளவு நேரமாகிறது? ஒரு பக்கத்தைப் படிக்க இவ்வளவு நேரமா?

ஐயோ, கிழிக்கிறார். தாள் கிழிகிறது. என் கடிதம். போச்சு.

இன்னும் கிழிக்கிறார். மறுபடியும். மறுபடியும். ஒன்று முடிந்து ஒன்று, நிறுத்தாமல். நான் வைத்தது ஒரே ஒரு தாள். அதில் இவ்வளவு கிழிக்க என்ன இருக்கிறது?

நின்றுவிட்டது.

போன் பேசுகிறார். குரல் சரியாகக் கேட்கவில்லை. "...காரு வோணாம்ப்பா... இல்ல, ஒண்ணியும் இல்ல... வோணாம்."

நடந்து வருகிறார். வெளிச்சத்தில் இரண்டு கால். என் கதவுக்கு நேராக நிற்கிறார்.

தட்டுகிறார். கையால், மெதுவாக, இரண்டே தடவை. இந்த வீட்டில் அப்பா ஒரு கதவையும் இதுவரை தட்டியதில்லை.